ஊவா மலைப்பாதையில் ஆசனப் பட்டியும் காற்றுப்பையும்

பதுளை மாவட்டத்தின் பழைய வீதிகள் மோட்டார் வாகனத்தை எண்ணிப் போடப்பட்டவை அல்ல. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டியை மாடு எந்த ஏற்றம்வரை இழுக்கும் என்பதே அவற்றின் வளைவுகளைத் தீர்மானித்தது. 1840களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், ஊவாவில் பாதை அமைத்தவர்களுள் முதலில் சொல்லப்படும் பெயர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்றும் அவருக்குப் பெயர் உண்டு. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையின் புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. மலையை வெட்டிக் கல்லுடைத்த ‘பயனியர்’ படையின் தமிழ்த் தொழிலாளருக்கு அப்படியொரு நினைவுக் கட்டடம் இல்லை.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924இல்தான் பாதை அங்கே முடிந்தது. ரயில் வந்த பிறகும் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் வீதியையே நம்பியிருந்தன. மாட்டு வண்டியின் தடத்தை லொறி எடுத்துக்கொண்டது, அதன் பின்னால் பஸ் வந்தது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவே எதிரும் புதிருமாக இரண்டு வாகனங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகும் அகலம். தார் போட்டதும் அகலப்படுத்தியதும் பின்னாளில் நடந்தாலும், பல இடங்களில் பாதையின் வடிவம் அன்று வெட்டியதுதான்.

இந்த வடிவத்தால் இங்கு நடக்கும் விபத்தும் வேறு விதமானது. வாகனப் பாதுகாப்பின் உலக வரலாறு பெரும்பாலும் நேருக்கு நேர் மோதலை வைத்து எழுதப்பட்டது. ஊவாவின் விபத்துச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது ‘பள்ளத்தில் பாய்ந்தது’ என்ற இரண்டு சொற்கள். ஆசனப் பட்டியும் காற்றுப்பையும் இந்த மலைக்கு வந்த கதையை இந்த வேறுபாட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தோட்டத்தில் மனிதருக்கு இருந்த படிநிலை வாகனத்திலும் இருந்தது. காரும் ஜீப்பும் துரைக்கு. கொழுந்து லொறியின் முன் ஆசனத்தில் சாரதியும், பக்கத்தில் கணக்கப்பிள்ளையோ தொழிற்சாலை உத்தியோகத்தரோ இருப்பார். தொழிலாளி பின்தட்டில் சாக்குகளோடு கம்பியைப் பிடித்து நிற்பார். பிரசவ வலி கண்ட பெண்ணும், மலையில் வழுக்கி விழுந்தவரும், பாம்பு கடித்தவரும் அதே லொறியில்தான் ஆஸ்பத்திரிக்கு இறக்கப்பட்டனர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் அனுமதிப்பத்திரம், வேகம், பாரம் எனப் பலவற்றுக்கும் விதி வகுத்தது. அந்தக் காலத்தில் உலகில் எந்த நாட்டுச் சட்டமும் பயணியைப் பட்டியால் கட்டச் சொல்லவில்லை. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. 1970களின் முடிவில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறந்தது. தோட்டத்து மனிதர் நகரத்துக்கும் கொழும்புக்கும் போய்வரும் வாகனமாக பஸ் நிலைத்தது இந்தக் காலத்தில்தான்.

போக்குவரத்துச் சபை பிறந்த மறு ஆண்டு, 1959இல், சுவீடனின் வொல்வோ நிறுவனம் மும்முனை ஆசனப் பட்டியைத் தன் கார்களில் பொருத்தியது. வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், விமானியை ஆபத்தில் வெளியே எறியும் ஆசனங்களைச் செய்துகொண்டிருந்தவர் அவர். உடலை ஆசனத்திலிருந்து பிய்த்தெறியும் கலை தெரிந்தவரே அதை ஆசனத்தோடு இருத்தும் பட்டியையும் செய்தார். இடுப்பெலும்பையும் நெஞ்சுக்கூட்டையும் ஒரே பட்டியால் தாங்கி, ஒரே கையால் பூட்டும்படி அமைத்ததுதான் அதன் மேன்மை. காப்புரிமையை மற்ற நிறுவனங்கள் தடையின்றிப் பயன்படுத்த வொல்வோ அனுமதித்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970இல் பட்டி அணிவதைச் சட்டமாக்கியது. பிரித்தானியா 1983இல்தான் முன் ஆசனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அதே கடமையை இலங்கைச் சாரதியின் மேல் சட்டம் சுமத்த 2011 வரை ஆனது.

முதற்காலப் பட்டிகள் கையால் நீளம் சரிசெய்யப்பட்டவை; தளர்வாகவே கிடக்கும். பின்னர் வந்த சுருள் உருளை பட்டியைத் தானே உள்ளிழுத்துக்கொண்டது. சாதாரண அசைவுக்கு விட்டுக்கொடுக்கும், திடீர் இழுப்புக்குப் பூட்டிக்கொள்ளும். இதற்குள் இரண்டு உணரும் வழிகள் உண்டு. பட்டி வேகமாக இழுபட்டால் பற்கள் வெளிவந்து உருளையை நிறுத்துவது ஒன்று. வாகனமே திடீரென வேகம் குறைந்தாலோ சரிந்தாலோ, கிண்ணம் போன்ற குழியில் கிடக்கும் சிறு உருக்குக் குண்டு நகர்ந்து நெம்பை உயர்த்திப் பூட்டுவது மற்றது. சர்வதேச விதியின்படி, 12 பாகைவரையான சரிவில் இந்தக் குண்டு பூட்டக்கூடாது. 27 பாகையைத் தாண்டினால் பூட்டியே ஆகவேண்டும். லயத்துக்கு ஏறும் செங்குத்தான தோட்டப் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பட்டியை இழுத்தால் சில வேளை வராமல் அடம்பிடிப்பது இதனால்தான். பட்டி கெட்டுப்போகவில்லை, வேலை செய்கிறது.

பட்டி ஒன்றே போதாதா என்ற கேள்விக்கு விடை தளர்வில் இருக்கிறது. தடித்த ஸ்வெட்டர் அணிந்த ஒருவர் பட்டி போட்டால், பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையே சில சென்ரிமீற்றர் மென்மை இருக்கும். உருளையில் சுற்றியுள்ள பட்டியும் இறுகுமுன் சற்று நீளும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். மோதலில் வாகனம் நசுங்கி நிற்கும் அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள், தளர்வில் இழக்கும் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் தலையை ஸ்டியரிங்கிற்கு அருகே கொண்டுபோகும். இந்த இழப்பை மீட்கவே முன்னிறுக்கி வந்தது. உருளையோடு இணைந்த சிறு குழாயில் மிகச் சிறிதளவு வெடிமருந்து இருக்கும். மோதலை உணர்ந்த மின்னணுப் பெட்டி மின்துடிப்பை அனுப்பியதும் அது எரிந்து, வாயு ஒரு பிஸ்டனையோ குண்டு வரிசையையோ தள்ளி, உருளையைப் பின்னோக்கிச் சுழற்றும். பத்து மில்லிநொடி அளவில் பட்டி பல சென்ரிமீற்றர் உள்ளே இழுபட்டு, உடல் ஆசனத்தோடு ஒட்டிவிடும்.

இறுக்கியது அப்படியே இறுகி இருந்தால் விலா எலும்பு முறியும். ஆகவே உருளையின் அச்சில் ஒரு முறுக்குக் கம்பி வைக்கப்படுகிறது. விசை குறித்த எல்லையைத் தாண்டும்போது கம்பி முறுகி, பட்டியை அளந்து விட்டுக்கொடுக்கும். அப்போது முன்னே வரும் தலையையும் நெஞ்சையும் ஏந்திக்கொள்வது காற்றுப்பையின் பங்கு. பட்டி, முன்னிறுக்கி, முறுக்குக் கம்பி, பை என்ற நான்கும் ஒரே கணக்கின் உறுப்புகள். ஸ்டியரிங்கில் பொறித்திருக்கும் ‘எஸ்.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளும் பை ஒரு துணைச் சாதனம் என்பதைத்தான் குறிக்கின்றன.

காற்றுப்பையின் எண்ணம் மும்முனைப் பட்டியைவிட மூத்தது. ஜேர்மனியில் வால்டர் லிண்டரர் 1951இலும் அமெரிக்காவில் ஜோன் ஹெட்ரிக் 1952இலும் விண்ணப்பித்தனர். இருவருக்கும் 1953இல் காப்புரிமை கிடைத்தது. இருவரும் நம்பியது அழுத்திய காற்றை. அது பையை நிரப்புவதற்குள் விபத்தே முடிந்துவிடும். தீர்வு இரண்டு திசையில் இருந்து வந்தது. 1960களின் முடிவில் அலன் பிரீட், காந்தம் பிடித்துவைத்த உருக்குக் குண்டு மோதலில் விடுபட்டு மின்சுற்றை மூடும் எளிய உணரியைச் செய்தார். காற்றுக்குப் பதிலாக, எரிந்து நைதரசனைத் தரும் சோடியம் அசைட் வந்தது. 130 கிராம் சோடியம் அசைட் ஏறத்தாழ 67 லீற்றர் நைதரசனைத் தரும். சாரதியின் பையை நிரப்ப அது தாராளம்.

1970களின் நடுவில் ஜெனரல் மோட்டோர்ஸ் சில கார்களில் பையை விற்றுப் பார்த்து நிறுத்திக்கொண்டது. 1981இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ் வகைக் காரில் சாரதிக்குப் பையும் பக்கத்து ஆசனத்துக்கு முன்னிறுக்கியும் தந்தபோதுதான் இவை நிலைத்தன. ஊவாவின் வீதிகளுக்கு இதைவிட நெருக்கமானது ஜப்பானின் கதை. யசுசபுரோ கோபொரி என்ற ஜப்பானியர் 1960களிலேயே பையை ஆராய்ந்து பல நாடுகளில் காப்புரிமை பெற்றார். வண்டிக்குள் வெடிமருந்தா என்று சொந்த நாட்டிலேயே தயங்கினார்கள். அவர் 1975இல் இறந்தார். 1987இல் ஹொண்டா லெஜண்ட் காற்றுப்பையோடு வந்த முதல் ஜப்பானியக் கார் ஆனது. அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானின் சிறிய கார்களிலும் பை சாதாரணமாகியது.

அந்தச் சிறிய கார்கள்தான் இலங்கைக்கு வந்தன. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் ஜப்பானில் ஓடிய வாகனங்கள் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் இறங்கின. பதுளையிலும் பண்டாரவளையிலும் டொல்பின் வேன் வாடகை ஓட்டத்தின் அடையாளமானது, பின்னர் கே.டி.எச். வேன், அல்டோ, வெகன் ஆர், விட்ஸ் என்று வரிசை நீண்டது. வாங்கியவர் கேட்டது எரிபொருள் செலவையும் ஏற்றத்தில் இழுக்கும் திறனையும். அவற்றில் பலவற்றில் பையும் முன்னிறுக்கியும் யாரும் கேட்காமலே கூடவந்த சாமான்கள். கேட்டு வாங்காத பொருளைப் பற்றி யாரும் அறிந்துகொள்ளவும் முயலவில்லை.

இந்த அறியாமைக்கு நடைமுறை விளைவுகள் உண்டு. சாவியைத் திருப்பியதும் டெஷ்போர்டில் எரியும் பை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் தொகுதி தன்னைத்தானே செயலிழக்கச் செய்துகொண்டிருக்கலாம். பையும் முன்னிறுக்கியும் ஒருமுறைக்கானவை. வெடித்தபின் முழுதாக மாற்ற வேண்டும், செலவு பெரிது. ஆகவே வெடித்த பையை வெட்டி எடுத்துவிட்டு மூடியை ஒட்டுவதும், விளக்கு எரியாதபடி பைக்குப் பதிலாக ஒரு மின்தடையைப் பொருத்துவதும் உலகெங்கும் பழைய வாகனச் சந்தையின் அறியப்பட்ட தந்திரங்கள். பழைய வாகனம் வாங்குபவர் என்ஜின் சத்தத்தைக் கேட்கக் காட்டும் அக்கறையில் பாதியை அந்த விளக்குக்குக் காட்டினால் போதும்: சாவியைத் திருப்பும்போது அது எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும். முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்துப் பயணிக்கும் வழக்கம் இன்னும் ஆபத்தானது. பை விரியும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அது நெஞ்சுக்கு வர வேண்டிய இடத்தில் குழந்தையின் தலை இருக்கும்.

2018ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், முன் ஆசனங்களுக்குக் காற்றுப்பையும் மும்முனைப் பட்டியும், ஏ.பி.எஸ். தடுப்பும் இல்லாத வாகனங்களின் இறக்குமதியை நிறுத்த முன்மொழிந்தது. வெறும் கையோடு வந்திறங்கிய மலிவுக் கார்களின் காலம் அத்தோடு முடியத் தொடங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி முதிர்ந்தன.

பைக்கு வயதாவது ஒரு தனி ஆபத்து என்பதை உலகம் தகாடா விவகாரத்தில் கற்றது. ஜப்பானின் தகாடா நிறுவனம் வாயுவை உண்டாக்க அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரமும் வெப்பமும் ஏறி இறங்கும் சூழலில் பல ஆண்டுகள் கிடந்தால் அது உதிர்ந்து, தேவைக்கு மேல் வேகமாக எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்தது. காப்பாற்ற வேண்டிய பை இரும்புத் துண்டுகளை வீசியது. 2014இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணி இப்படி இறந்தார். உலகெங்கும் ஏறத்தாழ பத்துக் கோடி வாயுக் கூடுகள் திரும்பப் பெறப்பட வேண்டியதாயின. தகாடா 2017இல் கடனில் முறிந்தது. ஈரமும் வெப்பமும் இலங்கைக்குப் புதியவை அல்ல. அப்புத்தளையின் பனிமூட்டத்திலிருந்து வெல்லவாயவின் வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடும் வாகனங்கள் ஊவாவில் நிறைய. தனித்தனியாக இறக்குமதியான பழைய வாகனத்துக்குத் திரும்பப் பெறும் அறிவித்தல் தானாக வீடு தேடி வராது. அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு உரிமையாளரே விசாரிக்க வேண்டும்.

இவ்வளவு நுட்பமும் ஊவாவின் விபத்தில் எந்த அளவுக்கு உதவும்? முன் பைகள் முன்புற மோதலின் வேகக் குறைவைப் பார்த்தே வெடிக்கும். வீதியை விட்டுச் சரிந்து பக்கவாட்டில் உருளும் வாகனத்தில் அந்த அடையாளம் பல வேளை தோன்றாது. பை மடிந்தபடியே கிடக்கும். முதல் பாறையில் மோதி வெடித்தாலும், பத்தில் ஒரு நொடிக்குள் காற்றிறங்கி, அடுத்த உருளலுக்கு வெறும் துணியாகத் தொங்கும். உருளலை உணர்ந்து யன்னலோரம் திரைபோல இறங்கும் பைகள் 2000களின் தொடக்கத்தில் வந்தன. சிறிய, மலிவான வாகனங்களில் அவை இல்லாததே வழக்கம். உருண்டு உருண்டு விழும் வாகனத்தில் மனிதரை விட்டுவிடாமல் பிடித்திருக்கக்கூடியது பட்டி மட்டுமே. பள்ள விபத்துகளில் பலர் இறப்பது யன்னல் வழியே வெளியே வீசப்பட்டோ, உள்ளே ஒருவர்மேல் ஒருவர் எறியப்பட்டோதான். ஆகவே இந்த மலைக்கு விலை உயர்ந்த பையைவிட 1959இன் பட்டியே முக்கியம். வேனின் பின் ஆசனத்தில் அந்தப் பட்டி மெத்தைக்கு அடியில் செருகிக் கிடப்பதுதான் வழக்கம்.

பஸ்ஸில் அது செருகிக் கிடக்கவும் இல்லை. லேலண்ட், டாட்டா அடிச்சட்டங்களின்மேல் உள்நாட்டில் கட்டிய கூடுகளில் ஆசனங்கள் தகட்டுத் தரையில் பூட்டப்பட்டவை. பட்டியைத் தாங்கும் பலத்தை எண்ணி அமைக்கப்பட்டவை அல்ல. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் இறந்தனர். வீதியில் சரிந்து கிடந்த பாறை அந்த இடத்தை ஏற்கெனவே குறுக்கியிருந்தது. 2024 நவம்பரில் துன்ஹிந்தைப் பக்கம் மாணவர்களை ஏற்றிய பஸ் கவிழ்ந்தது. 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலை கெரண்டி எல்லயில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காயப்பட்டவரை எடுத்துச் செல்லும் முறை மட்டும் மாறியது. 1990 என்ற இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் ஊவாவுக்கும் வந்தது. கொழுந்து லொறி செய்த வேலையின் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டது. மீட்புக்கு முதலில் ஓடிவருபவர்கள் பெரும்பாலும் பக்கத்து லயத்து ஆட்கள்தான். விரியாத பையுள்ள வாகனத்தில் கைவைக்குமுன் பற்றரியைக் கழற்றிச் சிறிது நேரம் பொறுக்க வேண்டும். மின்சாரம் அறுந்தாலும் பையை வெடிக்கவைக்கும் அளவுக்கு மின்னைக் கொள்ளளவி சிறிது நேரம் சேமித்து வைத்திருக்கும்.

கொத்மலைக்குப் பிறகு விதிகள் இறுகின. 2025இன் நடுப்பகுதியில் நீண்டதூர பஸ் சாரதிகளுக்கு ஆசனப் பட்டி கட்டாயமானது. செப்டெம்பர் முதல் அதிவேக நெடுஞ்சாலைகளில் வாகனத்தின் எல்லாப் பயணிகளும் பட்டி அணிய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அதே செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் எல்ல–வெல்லவாய வீதியில் பாதுகாப்பு வேலியை உடைத்து நூற்றுக்கணக்கான அடி கீழே விழுந்தது. 15 பேர் இறந்தனர். புதிய விதி அந்தப் பயணிகளைத் தொடவில்லை. அது அதிவேக நெடுஞ்சாலைக்கு உரியது. ஊவா மாகாணத்தில் அதிவேக நெடுஞ்சாலை ஒரு கிலோமீற்றர்கூட இல்லை.